லைன் யார் காசுல போட்டாங்க? – மேற்கு டெக்சாஸ், நியூ மெக்சிகோ பயணக் குறிப்புகள்

மாமனாருக்கு ஊர் சுற்றுவது என்றால் சப்ஸ்டேஷன் பார்ப்பது. மின்வாரியத்தில் கயத்தாறு, ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை ஃபீடர்களோடு (அங்கிருந்து கரண்ட் கொண்டுவரும் லைன்கள்) மல்லுக்கட்டி ரிட்டயர் ஆனவர். டல்லாஸ் பக்கத்து இர்விங்கில் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து நயாகரா, நியூயார்க் என்று ஆசை காட்டிப் பார்த்தோம், அசையவில்லை. "இந்த ஊர்ல காத்தாடி நிறையவாமே மாப்பிள்ளை, அதக் காட்டுங்க" என்றார். சரி என்று காரில் கிளம்பியாகிவிட்டது. ராத்திரி மோட்டலில் உட்கார்ந்து தட்டச்சு செய்ததைத்தான் அன்றன்றைக்குப் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 8, 2024, செவ்வாய் – இர்விங் முதல் ஸ்வீட்வாட்டர் வரை

புரட்டாசி மாசம். மாமா கவுச்சி தொடமாட்டார். போகிற ஊரோ மாட்டுக்கறிக்குப் பேர்போனது. மனைவி ஒரு பெரிய டப்பா புளியோதரையும் முறுக்கும் கட்டிக்கொடுத்தாள். அதில் பாதி வெதர்ஃபோர்ட் தாண்டுவதற்குள் காலி.

ஐ-20 நெடுஞ்சாலையில் அபிலீன் வரை பார்க்க ஒன்றுமில்லை. அபிலீனைத் தாண்டியதும் மேட்டு வரப்பில் ஒன்று, இரண்டு என்று தலைகாட்ட ஆரம்பித்து, அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டோம். மாமா கண்ணாடியை இறக்கிவிட்டார். அக்டோபரிலும் அனல் காற்று. "எல்லாம் ஓடுது பாத்தீங்களா, ஒண்ணுகூட நிக்கல" என்றார். எங்கள் பக்கம் சீசனில் காற்று நன்றாக அடிக்கும்போதுதான் கிரிட் (மின்சாரம் ஓடுகிற லைன் வலை) தாங்காது என்று 'பேக் டவுன்' சொல்லி நிறுத்த வைப்பார்கள், அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் போகவில்லை. அடுத்த கேள்வி உடனே வந்தது: "அவ்வளவு கரண்டையும் டல்லாஸ் வரைக்கும் கொண்டுபோற லைன் யார் காசுல போட்டாங்க?"

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். 1999ல், புஷ் இங்கே ஆளுநராக இருந்தபோது, மின்சார விற்பனையைத் தனியாருக்குத் திறந்துவிட்ட சட்டத்தில் ஒரு ஓரமாக ஒரு பிரிவு சேர்த்தார்கள்: 2009க்குள் புதிதாக 2,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வேண்டும் என்று. இலக்கு சீக்கிரமே எட்டிவிட்டது. ஆனால் காற்று இருப்பது மேற்கே பருத்திக்காட்டில், ஏசி ஓடுவது கிழக்கே டல்லாஸிலும் ஹூஸ்டனிலும். காற்றாலை முதலாளி 'லைன் வந்தால் கட்டுகிறேன்' என்றார், லைன் கம்பெனி 'காற்றாலை வந்தால் போடுகிறேன்' என்றது. 2005ல் சட்டசபை முடிச்சை அவிழ்த்தது. காற்று அதிகமுள்ள மண்டலங்களை அரசே குறிக்கும், லைன் முதலில் போடப்படும், செலவு எல்லா நுகர்வோர் பில்லிலும் பிரித்துப் போடப்படும். சுமார் 3,600 மைல், 345 கேவி (கிலோவோல்ட்) லைன், கிட்டத்தட்ட 700 கோடி டாலர். 2013 கடைசியில் வேலை முடிந்தது. அதற்கு முன்னால், 2009ல், மேற்கே கிடைத்திருக்க வேண்டிய காற்று மின்சாரத்தில் ஏறத்தாழ 17 சதவீதத்தை லைன் இல்லாமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

"அப்ப ஒங்க பில்லுலயும் இருக்கு" என்றார் மாமா. இருக்கிறதுதான். கூடவே 'ராத்திரி மின்சாரம் இலவசம்' என்று விளம்பரம் செய்கிற திட்டங்களும் இருக்கின்றன. இங்கே காற்று ராத்திரியில்தான் வேகம் எடுக்கும். நாங்கள் பாத்திரம் கழுவுகிற மெஷினை ஒன்பது மணிக்கு மேல் போடுவதற்குக் காரணம் அதுதான்.

ராத்திரி சாப்பாடு ஒரு ஸ்டேக் கடையில். வேறு கடை திறந்திருக்கவில்லை. மாமா மாட்டுக்கறி சாப்பிடமாட்டார் என்று சொன்னதும் பரிமாறுகிற அம்மாவுக்கு உண்மையிலேயே வருத்தம். பீன்ஸ் கொண்டுவந்து வைத்தார், அதில் பன்றி இறைச்சி மிதந்தது. எடுத்துக்கொண்டு போய், வெண்டைக்காயை மாவில் முக்கிப் பொரித்தது ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தார். பில்லில் அதைப் போடவே இல்லை. மாமா அந்தக் கூடையை யாருக்கும் தராமல் முடித்தார்.

அக்டோபர் 9, புதன் – ராஸ்கோ, மிட்லண்ட், கார்ல்ஸ்பாட்

காலையில் ராஸ்கோ. 2009ல் கட்டி முடித்தபோது உலகத்திலேயே பெரிய காற்றாலைப் பண்ணை: 627 காற்றாடி, 781.5 மெகாவாட். பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடக்கிறது, செடியை ஒட்டியே காற்றாடிக் கால். இரண்டு வரப்புக்கு நடுவே மண்பாதையில் வண்டியை நிறுத்தி மாமா இறங்கி, ஒரு கம்பத்தின் அடியில் காதை வைத்துக் கேட்டார். கியர்பாக்ஸ் சத்தத்தில் ஏதோ கண்டுபிடிப்பாராம். "நல்லா இருக்கு, எண்ணெய் ஊத்துறாங்க" என்று சான்றிதழ் கொடுத்தார்.

பெட்ரோல் பங்கில் (காலன் மூன்று டாலருக்குள்தான்) காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு வயசான விவசாயி மாமாவின் மங்கி குல்லாவைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். அவர் நிலத்தில் காற்றாடி நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர் வாடகை. மழை பொய்த்த வருஷங்களில் அந்தப் பணம்தான் டிராக்டர் கடனைக் கட்டியது என்றார். பருவநிலை மாற்றத்துக்காகத்தான் இதெல்லாமா என்று நான் கேட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. அதெல்லாம் கலிஃபோர்னியாக்காரர்கள் பேச்சு, எனக்குக் காற்று ஒரு பயிர், அவ்வளவுதான் என்றார். அவர் வண்டியின் பின்னால் ட்ரம்ப் ஸ்டிக்கர். தேர்தலுக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை.

இதுதான் எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவிலேயே அதிகமாகக் காற்று மின்சாரம் தயாரிக்கும் மாநிலத்தில் 'பருவநிலை மாற்றம்' என்ற வார்த்தையை யாரும் வாயால் சொல்வதில்லை. 2025க்கு 10,000 மெகாவாட் என்று வைத்த இலக்கு 2010 வாக்கிலேயே கடந்துபோனது, இப்போது காற்று மட்டும் 40,000ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் 2021 பிப்ரவரிப் பனியில் மாநிலமே இருண்டபோது, ஆளுநர் முதலில் டிவியில் குறை சொன்னது காற்றாடியையும் சோலாரையும். உண்மையில் பெரிய ஓட்டை விழுந்தது இயற்கை எரிவாயுவில்தான்: கிணறு உறைந்தது, குழாய் உறைந்தது, ஆலை உறைந்தது. கிரிட் முழுசாகச் சரிய 4 நிமிடம் 37 விநாடிதான் பாக்கி இருந்ததாம். அரசாங்கக் கணக்கில் 246 பேர் செத்தார்கள். நாங்கள் அன்றைக்கு மூன்று கம்பளிக்குள் குழந்தைகளோடு கிடந்தோம், அது வேறு கதை. 2023ல் அந்தப் பழைய இலக்குச் சட்டத்தையே கழற்றிவிட முடிவு செய்துவிட்டார்கள். காற்றாடிக்கு இனி அது தேவையும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒன்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஸ்வீட்வாட்டர் ஊர் எல்லையில் கழற்றிப்போட்ட பழைய இறக்கைகள் துண்டு துண்டாக மலைபோல் குவிந்து கிடக்கின்றன. ஃபைபர், மக்காது. பாம்பு வளர்கிறது என்று ஊர்க்காரர்கள் புலம்புகிறார்கள், இது வருஷா வருஷம் விரியன் பாம்புத் திருவிழா நடத்துகிற ஊர் என்றாலும்! காற்றாடியை நிலத்திலிருந்து பிடுங்க 2019ல் விதி எழுதினவர்கள், பிடுங்கின இறக்கை எங்கே போகும் என்பதை அப்போது எழுதவில்லை.

மிட்லண்ட் தாண்டியதும் காட்சி மாறிவிட்டது. எண்ணெய்க் கிணறு, மண் லாரி, வானத்தில் எரிவாயுச் சுடர். அழுகின முட்டை வாசனை வேறு. டெக்சாஸில் எண்ணெயைக் கட்டுப்படுத்துகிற அமைப்பின் பெயர் ரயில்ரோடு கமிஷன். ரயிலுக்கும் அதற்கும் இப்போது ஒரு சம்பந்தமும் கிடையாது. எரிவாயுவைக் கொளுத்த அனுமதி கேட்டால் கொடுத்துவிடும். மாமா வழி நெடுக "எம்புட்டு கேஸ வீணா எரிக்கான்!" என்று வயிறெரிந்துகொண்டே வந்தார்.

பேகோஸிலிருந்து 285ஆம் நெடுஞ்சாலையில் திரும்பினோம். 'சாவு நெடுஞ்சாலை' என்று உள்ளூரில் பேர். ஓர்லா தாண்டி ஒரு பெரிய போல்ட் பின்டயரில் ஏறியது. இரண்டு பக்கமும் லாரி காற்றில் வண்டியே ஆடுகிறது, ஸ்டெப்னியை இறக்கக்கூட முடியவில்லை. எண்ணெய் வயல் பிக்கப் ஒன்று தானாக ஓரம் கட்டியது. மெக்சிகோக்காரப் பையன்கள் இரண்டு பேர், உடம்பெல்லாம் சேறு. பத்தே நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். காசு நீட்டினால் கையை ஆட்டி மறுத்துவிட்டார்கள். மாமா முறுக்கு டப்பாவைத் திறந்தார். ஒருவன் கடித்துப் பார்த்து, டப்பாவோடு வாங்கிக்கொண்டான்!

கார்ல்ஸ்பாடில் புது டயர் 190 டாலர். அறை 170. சுமாரான மோட்டல்தான். எண்ணெய் வேலைக்கு வந்தவர்கள் எல்லா அறையையும் மாசக்கணக்கில் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 10, வியாழன் – ராஸ்வெல், வான், மோரியார்ட்டி

மாநில எல்லை தாண்டினதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. காலை ஆறரைக்கே மாமா குளித்து விபூதி பூசி நிற்கிறார்.

மண் அதேதான், கிணறும் அதேதான், சட்டம் வேறு. நியூ மெக்சிகோவில் 2021லிருந்து எரிவாயுவை வழக்கமாகக் கொளுத்தக் கூடாது, 2026 முடிவதற்குள் நூற்றுக்கு 98 பங்கைப் பிடித்தாக வேண்டும். 2019ல் ஆளுநர் மிஷல் லுஹான் கிரிஷம் கையெழுத்திட்ட எரிசக்தி மாற்றச் சட்டம் இன்னும் பெரிசு: தனியார் மின் கம்பெனிகள் 2030க்குள் 50 சதவீதம், 2040க்குள் 80 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், 2045க்குள் கார்பனே இல்லாத மின்சாரம். கிராமப்புறக் கூட்டுறவுகளுக்கு 2050 வரை தவணை.

இதில் வேடிக்கை, டெக்சாஸுக்கு அடுத்தபடி அமெரிக்காவில் அதிகமாகக் கச்சா எண்ணெய் எடுப்பது இந்த மாநிலம்தான். கல்லூரிப் படிப்பு இலவசம் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்த மாநில பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய், எரிவாயுப் பணம். மாமாவிடம் சொன்னேன். "டாஸ்மாக் மாதிரியா?" என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் மறுக்க முடியவில்லை.

ராஸ்வெல்லில் பறக்கும் தட்டுப் பொம்மைகளை ஐந்து நிமிஷம் பார்த்தோம், போதும். மதியச் சாப்பாடு ஒரு மெக்சிகன் கடையில். சிவப்பா பச்சையா என்று கேட்டாள் அந்தப் பெண். மிளகாய்ச் சாறு எது வேண்டும் என்பதுதான் கேள்வி. இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்லவேண்டுமாம். பச்சையில் பன்றி உண்டா என்று கேட்டு, இல்லையென்று உறுதி செய்துகொண்டு மாமா இரண்டு தட்டு சாப்பிட்டார். வீட்டைவிட்டுக் கிளம்பின பிறகு முதல் தடவையாக உறைப்பாக ஒன்று சாப்பிட்டதாகச் சொன்னார். தேனோடு சொபாபியா என்று ஒரு பூரி கொடுத்தார்கள். ஆள் ஒன்றுக்கு 14 டாலர்.

வான் (Vaughn) என்ற ஊர்ப் பக்கம் வரும்போது போலீஸ் வண்டி முன்னால் விளக்கு போட்டுக்கொண்டு போக, ஒரே ஒரு இறக்கையை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி. 70 மீட்டருக்கு மேல் இருக்கும். ஒரு சந்திப்பில் அது திரும்புவதற்கு முக்கால் மணி நேரம். பின்சக்கரத்தைத் தனியாக ஒரு ஆள் ரிமோட் வைத்துக்கொண்டு நடந்தபடியே ஓட்டுகிறான். மாமா வண்டியைவிட்டு இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார், மாட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி பின்னங்கையைக் கட்டிக்கொண்டு.

இந்தப் பக்கம் சன்சியா என்று ஒரு திட்டம் நடக்கிறது. 3,500 மெகாவாட் காற்றாலை, அங்கிருந்து அரிசோனா வரை 550 மைல் லைன். மின்சாரம் பெரும்பாலும் கலிஃபோர்னியாவுக்கு. லைன் வேண்டும் என்று 2006ல் கிளம்பியவர்கள் 2023ல்தான் மண் வெட்டினார்கள். கூட்டாட்சி அரசின் நிலம் குறுக்கே வருகிறது, ராணுவத்தின் ஏவுகணைத் தளம் ஆட்சேபித்தது, நதிக்குக் குறுக்கே பறவைகள், வழக்கு மேல் வழக்கு. டெக்சாஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் கிரிட் பெரும்பாலும் தனித்தீவு, இந்த மாதிரி லைன் மாநிலத்தைத் தாண்டாது, வாஷிங்டனைக் கேட்க வேண்டியதில்லை.

"இதுக்கு லைன் யார் காசு?" தனியார் கம்பெனி காசு, வாங்குகிறவர்கள் கொடுப்பார்கள் என்றேன். "அதான் பதினேழு வருஷம்" என்றார் மாமா.

ஆல்புகெர்க்கியில் பலூன் திருவிழா. போன மாசம் 80 டாலர் காட்டின அறை 290. மோரியார்ட்டியிலேயே படுத்துவிட்டோம். போர்வையில் சிகரெட் வாசனை. ராத்திரி குளிர் எலும்பில் இறங்கியது, ஹீட்டர் மட்டும் ரயில் மாதிரி சத்தம் போட்டது.

அக்டோபர் 11, வெள்ளி – ஆயுத பூஜை, சாண்டா ஃபே, ஃபார்மிங்டன்

ஏழு மணிக்கு மோட்டல் வாசலில் மாமா காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் கேட்டார், பக்கத்துக் கடையில் கிடைத்தது பச்சை லைம்தான். ஸ்டெப்னி, ஜாக்கி, என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு. பொரி இல்லை, ரைஸ் கிரிஸ்பீஸ். சப்ஸ்டேஷனில் ஆயுத பூஜை எப்படி நடக்கும், டிரான்ஸ்ஃபார்மருக்கு வாழைக்கன்று யார் கட்டுவார் என்பதெல்லாம் விவரமாகச் சொன்னார். மோட்டல்காரர் வெளியே வந்து பார்த்தார். குஜராத்தி! ஒன்றும் கேட்காமல் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொண்டுவந்து நீட்டினார்.

சாண்டா ஃபேயில் மாநிலச் சட்டமன்றம் வட்டமான கட்டடம், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், காசு இல்லை. சுவரெல்லாம் ஓவியம். இங்கே உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, கூட்டம் நடக்கும் நாள்களுக்குப் படி மட்டும். மாமா நம்பவில்லை. காவலரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

550 சாலை அழகு. செம்மண் பாறைகள், மஞ்சள் மரங்கள். இதற்கு மேல் எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும்.

அக்டோபர் 12, சனி – ஃபார்மிங்டன்

இந்த ஊரைப் பார்க்க நான்தான் ஆசைப்பட்டேன். பதினைந்து மைல் மேற்கே சான் ஹுவான் நிலக்கரி மின் நிலையம் இருந்தது. 1973லிருந்து ஓடி, 2022 செப்டம்பர் கடைசியில் நின்றது. போன ஆகஸ்டில் நான்கு புகைபோக்கிகளையும் வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள். இப்போது வேலிக்கு வெளியே நின்றால் இடிபாடும் மண்மேடும். பக்கத்திலேயே 200 மெகாவாட் சோலார். பழைய ஆலையின் லைன்கள் இங்கேயே இருப்பது எவ்வளவு வசதி! கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்த மாமா முகத்தில் முதல் தடவையாகத் திருப்தி.

ஆலையை மூடின விதம் அவருக்குப் பிடித்திருந்தது, எனக்கும்தான். ஆலையில் போட்ட முதலில் இன்னும் திரும்பாத பாக்கிக்குக் குறைந்த வட்டிக் கடன்பத்திரம். அதிலேயே தொழிலாளர் நஷ்டஈடு, மறுபயிற்சி, ஊர் வளர்ச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் 4 கோடி டாலர் ஒதுக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. பழைய அரசியல்வாதி எவனாவது இப்படி யோசித்திருப்பானா? ஆனால் ஆலை நின்றது 2022 செப்டம்பரில், பத்திரம் வெளியானது 2023 நவம்பரில். நடுவே மின் கட்டணத்தை முடிவு செய்கிற மாநிலக் கமிஷன், நீதிமன்றம் என்று இழுபறி.

மதியம் சாப்பிட்ட கடையை நடத்துகிற அம்மா நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். வறுத்த ரொட்டி மேல் பீன்ஸ், சீஸ், மிளகாய், 12 டாலர். அவர் புருஷன் அந்த ஆலையில் பாய்லர் பக்கம் இருபது வருஷம் வேலை பார்த்தவர். இப்போது எங்கே என்று மாமா கேட்டார். கார்ல்ஸ்பாடில், எண்ணெய் வயலில். இரண்டு வாரத்துக்கு ஒருதரம் எட்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருகிறார். சோலார் கட்டும்போது ஆறு மாசம் வேலை இருந்தது. கட்டி முடித்தபின் அதைப் பார்த்துக்கொள்ள விரல்விட்டு எண்ணுகிற ஆள்கள் போதும்.

மாமா கொஞ்ச நேரம் சாப்பிடவில்லை. பிறகு, பாய்லரில் என்ன வேலை, ஃபிட்டரா ஆபரேட்டரா என்று கேட்டு, அந்த அம்மா சொல்லச்சொல்ல என்னை மொழிபெயர்க்க வைத்தார்.

சாயங்காலம் மார்கன் ஏரிக்கரை. எதிரே ஃபோர் கார்னர்ஸ் மின் நிலையம், நவஹோ நிலத்தில். அது இன்னும் ஓடுகிறது, 2031ல் நிறுத்துவதாக இந்த 2024 நிலவரப்படி திட்டம். ஏரியே அந்த ஆலையைக் குளிர்விக்கிற தண்ணீர்தான், வெதுவெதுப்பாக இருக்கிறது. பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நவஹோ நாட்டில் இன்னும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கரண்ட் இல்லை என்று நான் சொன்னதும் மாமா சட்டென்று திரும்பினார்.

"இந்த ஆலைக்குக் கீழேயா?"

"ஆமா மாமா. லைன் ஃபீனிக்ஸ் பக்கம் போகுது."

"யாரு காசுல…" என்று ஆரம்பித்து, விட்டுவிட்டார்.

ராத்திரி எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. தேதி குறித்துச் சட்டம் போட்டு, வேலை போனவனுக்கு ஒரு வரி எழுதி வைத்தது நியூ மெக்சிகோ, அதுதான் ஒழுங்கு என்றேன். எழுதி வைத்த காசு வருஷம் கழித்து வந்தால் எழுதாததற்குச் சமம், டெக்சாஸ்காரன் வாயைத் திறக்காமல் லைனைப் போட்டான் என்றார் அவர். அதே டெக்சாஸில்தானே 246 பேர் குளிரில் போனார்கள் என்றேன். "அது லைன் குத்தமில்ல, கேஸ் குழாயப் போத்தாத குத்தம்" என்றார். மனைவி போனில் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் தூங்குங்கள் என்று வைத்துவிட்டாள்.

திரும்புவது அமரில்லோ வழியாக. நேர்வழியும் அதுதான், ஆனால் மாமாவுக்குக் காரணம் வேறு. டெக்சாஸின் வடக்கு முனையான பான்ஹேண்டில் பக்கம் 2013ல் போட்ட 345 கேவி டவர்களைக் கிட்டத்தில் பார்க்கவேண்டுமாம். ஒரு டவருக்கு எத்தனை இன்சுலேட்டர் தட்டு என்று எண்ணிச் சொல்வதாகக் கயத்தாறில் யாரிடமோ வாட்சப்பில் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார்.